நாள் முன்னே, மாதம் பின்னே

தலவாக்கலை ஸ்டேஷனுக்கு மேலே
போட்டோக்கொப்பிக் கடையை மூடிய பிறகு
கடைக் கணினி எனக்கு.
தூங்குமலைத் தோட்ட உதைபந்தாட்ட அணி,
ஒரே கட்டுரைக்குள் நான்கு விதமாகத் திகதிகள்.
தகவல் பெட்டியில் 05/06/88.
அட்டவணையில் 6.5.1988.
படத்தின் கீழே 5-6-88.
ஓரிடத்தில் யாரோ அன்போடு
வைகாசி ஆறு என்று எழுதியிருக்கிறார்.
பஞ்சாங்கத்தைக் கேட்டால் அன்றைக்கு இன்னும் சித்திரை.

விதி சின்னது.
நாள் முன்னே. மாதம் எழுத்தில். ஆண்டுக்கு நான்கு இலக்கம்.
பெயர்கள் இடப்பக்கம் ஒட்டி நிற்கட்டும்,
கோல்கள் வலப்பக்கம்.
தெரியாத இடத்தில் கோடு போடு, பூச்சியம் போடாதே.
பூச்சியம் என்றால் அவன் ஆடினான், அடிக்கவில்லை.
கோடு என்றால்
நாம் போய்க் கேட்கவில்லை.

இறுதியாட்டத்தில் மாட்டிக்கொண்டேன்.
மே ஆறா, ஜூன் ஐந்தா?
கிண்ணத்தின் அடியிலும் 5-6-88 என்றே வெட்டியிருக்கிறது,
வெட்டியவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் திகதி படித்தாரோ.
ஜூன் ஐந்து ஞாயிற்றுக்கிழமை.
பந்து விளையாட ஏற்ற நாள்.
என் கையும் அதற்கே போனது.

கந்தோரில் வேலை செய்யும் சுகந்தமேரி
கறையான் தின்ற செக்ரோலைப் போனில் படம் பிடித்து அனுப்பினாள்.
மே மாதம், ஆறாம் கட்டம், வெள்ளி.
மருதவீரன், அரைப் பேர்.
சன்னாசி, அரைப் பேர்.
விரலை வைத்து இறங்கிக்கொண்டே போனேன்.
பதின்மூன்று அரைப் பேர்,
பதினொருவரும் வெளியே காத்திருந்த இருவரும்.
மத்தியானம் கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு
மைதானத்துக்கு இறங்கியிருக்கிறார்கள்.
கிண்ணம் அரைநாள் சம்பளத்துக்கு வந்தது.

அதற்கென்று ஒரு நிரல் சேர்த்துப் பார்த்தேன்.
அட்டவணை போன் திரையைத் தாண்டிப் போய்விட்டது.
அழித்தேன்.
அடிக்குறிப்பு நான்கில் வைத்திருக்கிறேன்,
யாராவது கீழே வந்தால் பார்க்கட்டும்.

கொழும்பிலிருந்து கோகிலவாசன் கேட்கிறார்,
இந்தப் பக்கத்தை என்னோடு பார்த்துக்கொள்பவர்:
ஏழு ஆட்டக்காரர்களுக்கும் 1 ஜனவரியே பிறந்தநாளா?
ஒரே வரியை ஏழு தடவை ஒட்டிவிட்டீர்களா?

இல்லை அண்ணை. ஒட்டியது நான் இல்லை.
பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்கு
அடையாள அட்டை நிரப்பிய கை
கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று போட்டது.
மருதவீரனின் மகளைக் கேட்டேன்.
அப்பா பெரிய மழைக்கு மறுநாள் பிறந்தவராம்.
எந்த மழை?
அதுதான் தெரியாது என்றாள்.

இந்தக் கட்டுரையில் யாரையும் குழப்பாத திகதி
அது ஒன்றுதான்.
நாளை முன்னே வை, மாதத்தை முன்னே வை,
1-1 அசையாது.
வடிவத்தில் ஒரு பிழையும் சொல்ல முடியாது.
அன்றைக்கு யாரும் பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

கோடு போட்டுவிட நினைத்தேன்.
ஆதாரம் எங்கே என்பார்கள்.
மழைக்கு ஆதாரம் நான் எங்கே போவது?
கடைசியில்
1 ஜனவரி, அட்டையின்படி,
என்று ஏழு தடவையும் கையால் தட்டினேன்,
ஒரே காற்புள்ளி, ஒரே இடைவெளி.

கீழே பதுளை ரயில் பிந்தி வந்து நின்று
யாரையும் இறக்காமல் போகிறது.
மாற்றச் சுருக்கம்: திகதி வடிவம் சீராக்கப்பட்டது.
சேமித்தேன்.
அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது.
அணிப் பட்டியலில் மருதவீரன்,
கிண்ணத்தின் படத்துக்குக் கீழே மதுரைவீரன்.

அதற்கு விதி இருக்கிறது, முதலில் வந்ததையே பின்பற்று என்று.
இன்றைக்குத் தொடவில்லை.
மகளுக்கு நாளைக்குத்தான் கோல் எடுக்க வேண்டும்,
கூரையில் தகரம் இப்போது அவளைப் பேச விடாது.